அண்ணி போட்ட மாவுக்கட்டு

நான் அவளுடைய நாத்தனார். இதைச் சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வாருங்கள், எனக்கென்ன. ஒரே சமையலறையில் இத்தனை வருடம் அவளோடு மல்லுக்கட்டியவளைவிட அண்ணியைப் பற்றி எழுதத் தகுதியான ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள். டாக்டர் முறிந்த எலும்பை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். மாவு தடவிய துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பஞ்சு சுற்றிய கையிலோ காலிலோ அதைச் சுற்றி, கல்லாக இறுகும்வரை நீவிக்கொண்டே இருப்பது அண்ணியின் வேலை. உள்ளங்கையால்தான் நீவ வேண்டும், விரல் பட்டால் குழி விழும், குழி உள்ளே போய்ப் புண்ணாக்கும் என்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் நகக்கண்ணில் வெள்ளை இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது, மாவுக்கட்டு அக்கா என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அவளிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. துணிச்சுருள் முடிகிற நுனியை மற்றவர்கள் மாவோடு மாவாகத் தேய்த்து மறைத்துவிடுவார்கள். அண்ணி அந்த நுனியை முக்கோணமாக மடித்து, காய்ந்ததும் அதன்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். கூட வேலை செய்கிறவர்கள், "என்னக்கா, பார்சல் கட்டுறியா, பிரிக்க வசதியா?" என்று கிண்டல் பண்ணுவார்களாம். "கட்டத் தெரிஞ்சா போதுமா, அவிழ்க்கவும் வழி இருக்கணும்ல" என்று இவள் பாட்டுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னொரு பழக்கம் பிரசங்கம். கட்டுப் போட்டு முடித்ததும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரே பிரசங்கம். விரல் வீங்கினால் வா, நிறம் மாறினால் வா, சுருசுருவென்றால் உடனே வா, மரத்துப் போனால் ஓடி வா. அவளைப் பார்க்கப் போன ஒருநாள், ஒரு லாரி டிரைவரைப் பிடித்து வைத்து அதை மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆள் அழாத குறை. அன்றைக்கு நான் சிரித்தேன். பிரசங்கத்தில் என்ன இருந்தது என்று காதில் வாங்கவில்லை.

அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து வெட்டிப் பொருத்துவான். கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கண்ணைவிட விரல்நுனி முக்கியம். கீறல் சரியாக விழுந்ததா, ஓரம் மழுங்கியதா என்பதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தடவித்தான் தெரிய வேண்டும். விரல் மரத்தவன் கண்ணாடி வெட்டினால் வெட்டுப்படுவது கண்ணாடி இல்லை.

அவனுக்குச் சோபாவில் ஒரு காலை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து டிவி பார்க்கிற பழக்கம். எழுந்து நின்றால் காலைக் காணோம். பிறகு ஐயோ ஐயோ என்று ஒற்றைக்காலில் ஒரு ஆட்டம். அண்ணி கையிலிருக்கிற கரண்டியோடு வந்து நிற்பாள்.

"என்ன பண்ணுது?"

"ஊசி ஊசியா குத்துதுடி. எறும்பு மேயுது."

"நல்லதுதான். நரம்பு முழிச்சிக்குது. உதறாதீங்க, அதுவா வரும்."

இதற்கு அவள் சொல்கிற குழாய்க் கதை ஒன்று உண்டு. காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்தால் நரம்பு நசுங்கும், நரம்புக்குப் போகிற ரத்தமும் குறையும். கால் அனுப்புகிற சேதி மூளைக்குப் போய்ச் சேராது, மூளைக்குக் கால் இருக்கிற நினைப்பே போய்விடும். எழுந்து நின்றதும் ரத்தம் ஓடும், நரம்புக்கு உயிர் வரும். ஆனால் வந்த வேகத்தில் அதற்கு ஒழுங்காகப் பேச வராது, கண்டபடி எல்லாச் சேதியையும் ஒரே நேரத்தில் கொட்டும். மூளைக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது, ஊசி என்று எடுத்துக்கொள்ளும். "தண்ணி நின்னு போன குழாயில திரும்ப தண்ணி வரும்போது எப்படிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு துப்புது? கொஞ்ச நேரம் துப்பிட்டு அப்புறம் ஒழுங்கா ஊத்தும்ல, அந்த மாதிரி." எங்கள் வீட்டில் யாருக்குக் கை கால் மரத்தாலும் இந்தக் குழாய்க் கதை வந்துவிடும். சுருசுருப்பு வந்தால் நல்லது. அண்ணன் அதை வேதவாக்காக வைத்துக்கொண்டான். கட்டினவள் சொன்னதில் அவன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அநேகமாக அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் கடையில் ஸ்டூலிலிருந்து விழுந்தான். கையில் பிடித்திருந்த கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை, வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் மாவு வைக்கிற அரைக்கட்டுப் போட்டால் நிற்காது, நழுவுகிறது, முழுக்கட்டே போடலாம் என்றார். அண்ணிதான் போட்டாள். நுனியை முக்கோணமாக மடித்தாள், வட்டமும் போட்டாள். "கையைத் தொங்கப் போடாதீங்க, தலையணை மேல வெச்சிக்குங்க" என்றாள். அடுத்த ஆள் முறிந்த காலோடு காத்திருந்தான், அவனைக் கவனிக்கப் போனாள். அண்ணனுக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. எத்தனை வருடம் கூட வாழ்ந்தவன், அவனுக்குத் தெரியாததா என்று அவள் நினைத்ததுகூட இல்லை, அப்படி ஒன்று சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. அண்ணிக்கு டூட்டி, விடிந்ததும் போய்விட்டாள். அண்ணன் தலையணையை எங்கேயோ எறிந்துவிட்டுச் சோபாவில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கியிருந்தான். எழுந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தான். கட்டுக்குள்ளே யாரோ பிழிகிற மாதிரி வலி என்றான். முறிந்த கை வலிக்காமல் கொஞ்சுமா என்று நான் என் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டுச் சொன்னான்.

"விரலெல்லாம் சுருசுருங்குது. கை முழிச்சிக்கிச்சு."

"அப்ப சரியாயிடும்" என்றேன். எனக்கும் அதே குழாய்க் கதைதானே தெரியும். அண்ணிக்குப் போன் பண்ணட்டுமா என்றதற்கு, "வேலை நேரத்துல அவளை ஏன் தொல்லை பண்றே, நல்ல சேதிதானே, வந்ததும் சொல்லிக்கலாம்" என்றான்.

மதியத்துக்கு முன்னால் வலி நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரே குஷி. கிரிக்கெட் பார்த்துக்கொண்டு, என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு, பழைய மனிதனாகிவிட்டான். நான் டீ போட்டுக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளர், என்னாலேயே சேலைத் தலைப்பால்தான் பிடிக்க முடிந்தது. அவன் டிவியைப் பார்த்தபடியே திரும்பி உட்கார்ந்தான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் டம்ளரில் போய் ஒட்டி நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் கையை எடுக்கவில்லை.

டம்ளரை நகர்த்திவிட்டு அவன் ஆள்காட்டி விரலைத் தொட்டேன். டம்ளர் பட்ட பக்கம் மட்டும் சூடு, மற்றபடி சில்லென்று இருந்தது. வீங்கி, தோல் மினுங்கி, விரலுக்குண்டான நிறமே அதில் இல்லை.

"அண்ணே, நான் தொடுறது தெரியுதா?"

"எங்கே தொடுறே?" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். எதிரே லாரி வரும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களோடு தினமும் உட்கார்ந்து பழகியவள், எளிதில் பதற மாட்டேன். அன்றைக்குப் போனில் அண்ணியின் நம்பரைத் தேடக் கண் தெரியவில்லை.

அண்ணி எடுத்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. வீட்டில் என்னோடு சண்டை போடுகிற குரல் இல்லை அது.

"நகத்தை அழுத்திட்டு விடு. சிவப்பு திரும்புதா?"

"திரும்பலை அண்ணி. வெளுப்பாவே இருக்கு."

"நடுவிரலைப் பிடிச்சு மெதுவா நீட்டு."

நீட்டினேன். தொட்டது தெரியாதவன், உள்ளே முன்கைச் சதை இழுபட்டதும் முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு அலறினான். போனில் அண்ணிக்கும் அது கேட்டிருக்கும்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"காலையில சுருசுருன்னு இருந்துச்சாம். அப்புறம் வலியே இல்லைன்னாரு. நல்லதுதானே அண்ணி, நீங்கதானே சொல்வீங்க."

அண்ணி மூச்சு விடாமல் சொன்னாள். கை உள்ளே வீங்குது, கட்டு விட்டுக் கொடுக்காது, ரத்தம் போக வழியில்லாம உள்ள நசுங்குது. பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் எடு, காரில் ஏற்று, மடியில் பக்கெட்டை வைத்துக் கட்டை ஊறப் போடு, வருகிற வழியிலேயே பிரி. "வட்டம் போட்டிருக்கேன் பாரு, அங்கேர்ந்து ஆரம்பி. கத்தரிக்கோலும் தலையணையும் எடுத்துக்க. இங்க வர்ற வரைக்கும் காத்திருக்காதே."

ஸ்கூல் கார் எங்கள் வாசலில்தான் நிற்கும். மண்டை மேல் பெரிய எல் போர்டு, முன்சீட்டில் இரண்டு பேருக்கும் பிரேக். அண்ணன் மடியில் பக்கெட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்குத் தெரிந்த சந்துகளில் எல்லாம் புகுந்தேன். எல் போர்டைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் ஜன்னலை இறக்கி, "முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாம்மா" என்றான். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவன் ஏழு தலைமுறையை இழுத்திருப்பேன். திருப்பங்களில் அண்ணன் பயந்து போய் அவன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தான், வண்டி குலுங்கி நின்றது, தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"காலை எடு அண்ணே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"யாரோ வேற ஒருத்தர் கையை மடியில வெச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அவன் பிரேக்கை மிதிக்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. இனி ரயில் வந்தால்தான் உண்டு. நான் இன்ஜினை நிறுத்திவிட்டு அவன் கையைப் பக்கெட்டிலிருந்து தூக்கினேன். மாவு வெளியே கொழகொழவென்று ஆகியிருந்தது, பென்சில் வட்டம் பாதி கரைந்து போயிருந்தது. பாதி போதும். முக்கோணத்தை நகத்தால் நெம்பினேன், நுனி எழுந்தது. போனை டேஷ்போர்டில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வருது அண்ணி."

"சுத்திக்கிட்டே வா. இழுக்காதே."

ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் இறுகல். மறுபடி தண்ணீரில் முக்கி மறுபடி சுற்றினேன். ஈரத்தில் நுனி இரண்டு தடவை நழுவிற்று. எனக்குச் சாமி பெயர்கூட ஞாபகம் வரவில்லை. இதற்குள் ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் ஹாரனை அமுக்கத் தொடங்கிவிட்டார்கள். அமுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி மாவுத்துணியும் வந்தது.

"பஞ்சையும் வெட்டு. ஒரு நூல்கூட சுத்தி இருக்கக் கூடாது. தோல் தெரியுதா?"

தெரிந்தது. பஞ்சின் வரிவரியான தடம் பதிந்து, வீங்கி, அண்ணன் கை மாதிரியே இல்லாத ஒரு கை. பக்கெட்டைக் கீழே இறக்கி, மணிக்கட்டை மடியில் தலையணைமேல் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான்.

"இடது கையால கண்ணாடி வெட்டக் கத்துக்க முடியுமா?"

நான் கியரை மாற்றினேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் ரோடு தெரியாது.

அண்ணி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் கையை வாங்கி நகத்தை அழுத்தினாள். டாக்டர் வந்து பார்த்தார். கட்டைப் பிரித்ததால் அழுத்தம் குறையும், கொஞ்ச நேரம் பார்ப்போம், ரத்தமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் முன்கையைக் கீறித் திறந்து விட வேண்டியிருக்கும், நேரம் போகப் போகக் கைக்கு உத்தரவாதம் இல்லை என்று நேராகவே சொன்னார். ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நகம் நகமாக அழுத்தினாள். "தெரியுதா?" "இல்லை." அடுத்த விரல். "தெரியுதா?" "இல்லைடி." அவள் முகம் மாவைவிட வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"ஊர்ல இருக்கிறவன் எல்லார்கிட்டயும் சொன்னேன். இவர்கிட்ட சொல்லலை. வீட்டுல குழாய்க் கதை மட்டும்தான் சொன்னேன். குழாயில தண்ணி வரும்போது மட்டுமா துப்பும்? நிக்கப் போறப்பவும் அதேதானே துப்பும். அதை நான் ஒருநாளும் சொல்லவே இல்லை."

அவளைத் திட்டக் காரில் வரும்போது ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். என் அண்ணன் கை போனால் உன்னைச் சும்மா விட மாட்டேன் என்று நினைத்ததும் நிஜம், அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டதும் நிஜம்.

அண்ணன் திடீரென்று முதுகை நிமிர்த்தினான்.

"எறும்பு" என்றான்.

காலையில் வந்ததும் இதே எறும்புதான். போகும்போது வருகிற எறும்புக்கும் வரும்போது வருகிற எறும்புக்கும் அவனால் என்ன வித்தியாசம் சொல்ல முடியும்? அண்ணி அவன் சுண்டுவிரல் நகத்தை அழுத்தினாள், விட்டாள். வெள்ளை. வெள்ளை. ஓரத்தில் மெதுவாக ஒரு சிவப்பு ஏறியது. அடுத்த விரலிலும் ஏறியது. டாக்டர் குனிந்து பார்த்து, "வருது" என்றார்.

அதற்குப் பிறகு வந்ததே வலி. அண்ணன் கட்டில் கம்பியைக் கடித்தான், என் கையைப் பிசைந்தான், வீட்டில் ஒருநாளும் பேசாத வார்த்தை எல்லாம் பேசினான். அண்ணி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே அழுதாள். கத்தியைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் அன்றைக்கு முழுசாக வரவில்லை. மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கண்ணாடியைத் தடவிப் பார்க்கிற அதே இரண்டு விரல்கள்.

எலும்பு எலும்புதானே, சில நாளில் வீக்கம் வடிந்ததும் மறுபடி கட்டுப் போட்டாக வேண்டும். அண்ணி முடியாது என்றுவிட்டாள். வேறு ஒருத்தர் சுருளை நனைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அவதான் போடணும்."

"எனக்குக் கை நடுங்குதுங்க. வேண்டாம்."

"நடுங்கட்டும். நான் எங்கேயும் போகலை, நீ மெதுவாப் போடு."

போட்டாள். அவன் விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு, நான் கட்டிலடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சுற்றிய வேகத்துக்கு அதற்குள் ஒரு குடும்பத்துக்கே கட்டுப் போட்டிருக்கலாம். உள்ளங்கையால் நீவினாள், நுனியை மடித்தாள், வட்டத்தை இரண்டு தடவை அழுத்திப் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது போல, பிரசங்கத்தை முதலிலிருந்து சொன்னாள். அண்ணனை ஒப்பிக்கச் சொன்னாள்.

"சுருசுருன்னா?"

"உன்னைக் கூப்பிடணும்."

"வலி நின்னுட்டா?"

"சந்தோஷப்படக் கூடாது. விரலைத் தொட்டுப் பார்க்கணும், தெரியலைன்னா ஓடி வரணும்."

"எனக்கு டூட்டின்னா?"

"டூட்டின்னாலும்."

நான் எழுந்தேன். வலது கால் இல்லை. மண்டியிட்டே கிடந்ததில் முழங்காலுக்குக் கீழே செத்துப் போயிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைப் போய் இந்த நேரத்தில் சொல்வதா என்று இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"அண்ணி, கால்ல எறும்பு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரல் நகத்தை அழுத்தி, விட்டு, குனிந்து பார்த்தாள். என் காலை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை, எனக்குக் கூச்சமாக இருந்தது, விடுங்க அண்ணி என்றேன்.

"போகுதா, வருதா?" என்று கேட்டாள்.

"வருது அண்ணி" என்றேன்.

அது முழுசாக வந்து சேரும்வரை அவள் என் காலை விடவில்லை.